லைன் கிராஃப் தப்பா வருதா? அறிகுறியை வச்சு கோளாறைப் பிடிக்கிற வழி

மாசக்கணக்கா ரீடிங் எடுத்து ஒழுங்கா டைப் பண்ணி வச்சிருப்பீங்க, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி இன்சர்ட்ல போய் லைன் சார்ட்டை அமுக்கினா நீங்க நினைச்சது ஒண்ணு, வந்து நிக்கிறது வேற ஒண்ணா இருக்கும். ஆபீஸ் ரிப்போர்ட், பசங்க ப்ராஜெக்ட், வீட்டுல எழுதி வைக்கிற பிரஷர் சுகர் கணக்குன்னு யாராவது ஒருத்தர் இப்படி ஒரு படத்தைக் கொண்டு வந்துட்டே இருக்காங்க, பார்த்தா திரும்பத் திரும்ப அதே கோளாறுங்கதான். அதான் அறிகுறி வாரியா எழுதிட்டேன். உங்க படத்துல என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க, மொத்தத்தையும் படிக்கணும்னு இல்ல. ஒவ்வொண்ணுலயும் ஒரு கிளிக்ல தீர்ற காரணம் முதல்ல, டேட்டாவையே திரும்ப எடுக்க வேண்டியது கடைசியில.

மெனு பேரெல்லாம் எக்செல்ல இருக்கிறபடி சொல்றேன். கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ்ல பேரு கொஞ்சம் மாறும், விஷயம் பெரும்பாலும் ஒண்ணுதான்.

## எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இதைப் பாருங்க

படத்துல கை வைக்காதீங்க. கலர் மாத்துறது, சார்ட் டைப் மாத்திப் பார்க்கிறது எல்லாம் அப்புறம். முக்கால்வாசி நேரம் கோளாறு படத்துல இல்ல, ஷீட்ல, அதுலயும் தேதி இருக்கிற நெடுவரிசையிலதான் இருக்கும். ஷீட்டை ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு மூணு விஷயத்தைக் கண்ணால பாருங்க.

தேதியெல்லாம் கட்டத்தோட வலது பக்கம் ஒட்டி நிக்குதா? நீங்க அலைன்மெண்ட் எதுவும் மாத்தலைன்னா நிஜமான தேதி வலது பக்கம் நிக்கும், வெறும் எழுத்தா உள்ள போன தேதி இடது பக்கம் நிக்கும். அளவுங்க இருக்கிற நெடுவரிசையும் அப்படியே. மூணாவது, ஒரு தேதிக்கு ஒரே வரிசைதான் இருக்கா, இல்ல ஒரே தேதி ரெண்டு மூணு தடவை வருதா?

இதுல ஒண்ணு தப்பினாலே கீழ இருக்கிற பாதி அறிகுறிக்கு காரணம் கிடைச்சிடும்.

## கீழ தேதிக்கு பதிலா 45292 மாதிரி ஏதோ நம்பர் வருது

இது கோளாறே இல்ல, வெறும் ஃபார்மேட். எக்செல் தேதியை உள்ளுக்குள்ள நாள் எண்ணிக்கையாதான் வச்சிருக்கும், 1900 ஜனவரி 1 அதுக்கு 1, அங்கிருந்து எண்ணிட்டே வந்தா 45292ங்கிறது 2024 ஜனவரி 1. அந்த கட்டங்களை செலக்ட் பண்ணி நம்பர் ஃபார்மேட்ல டேட்னு குடுத்துட்டா தீர்ந்தது. அதுக்கப்புறமும் படத்துல நம்பராவே நின்னா கீழ் ஆக்சிஸ் (படத்தோட ஓரத்துல அளவு, தேதி காட்டுற கோடு) மேல ரைட் கிளிக், ஃபார்மேட் ஆக்சிஸ், அதுல நம்பர்ங்கிற இடத்துலயும் டேட்னு மாத்துங்க.

தேதியும் இல்ல, 1, 2, 3ன்னு வருதுன்னா: எது தேதின்னு சாஃப்ட்வேருக்கே தெரியல. படத்து மேல ரைட் கிளிக், செலக்ட் டேட்டா, வலது பக்கம் ஹரிஸாண்டல் லேபிள்ஸ்ல எடிட் அமுக்கி தேதி நெடுவரிசையைக் காட்டுங்க.

வருஷமே தனி கோடா மேல ஓடுதுன்னா: 2015, 2016, 2017ன்னு வெறும் வருஷம் போட்டிருப்பீங்க, அதையும் ஒரு அளவுன்னு நினைச்சு 2000 சொச்சத்துல ஒரு கோடு போட்டுடும், உங்க நிஜ டேட்டா அடியில நசுங்கிக் கிடக்கும். செலக்ட் டேட்டாவுல அந்த சீரிஸை ரிமூவ் பண்ணிட்டு அதே வருஷத்தை ஹரிஸாண்டல் லேபிளா குடுங்க. இன்னொரு வழி இருக்கு, வருஷத்துக்கு மேல இருக்கிற தலைப்புக் கட்டத்தை மட்டும் காலியா விட்டுட்டு சார்ட் போட்டா எக்செல் தானாவே அதை லேபிளா எடுத்துக்கும்.

## தேதி முன்னப்பின்ன குழம்பி வருது, கோடு தாறுமாறா ஏறி இறங்குது

அதிகமா வர்றதும் அதிகமா ஏமாத்துறதும் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா பாருங்க.

முதல் சந்தேகம், தேதியை வரிசைப்படுத்தாம (Sort) விட்டது. ஸ்கேட்டர் சார்ட்ல (ரெண்டு ஆக்சிஸ்லயும் நிஜ நம்பரை வச்சு புள்ளி வைக்கிற படம்) வரிசை மாறி இருந்தா கோடு முன்னாடி போய் பின்னாடி திரும்பி வந்து கிறுக்கின மாதிரி ஆயிடும். தேதி வாரியா வரிசைப்படுத்துங்க. முடிஞ்சா சந்தோஷம்.

வரிசைப்படுத்தியும் சரியாகலைன்னா தேதி எழுத்தா இருக்கு. பக்கத்துல ஒரு காலி கட்டத்துல ஐஎஸ்நம்பர் ஃபார்முலா (தேதி A2ல இருந்தா =ISNUMBER(A2)) போட்டு இழுத்து விடுங்க, ஃபால்ஸ்னு வர்றதெல்லாம் தேதி மாதிரி வேஷம் போட்ட எழுத்து. அந்த நெடுவரிசையை செலக்ட் பண்ணி டேட்டா மெனுவுல டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், மூணாவது ஸ்டெப்ல டேட்னு வச்சு உங்க டேட்டாவுல நாள் முதல்ல இருக்கா மாசம் முதல்ல இருக்கான்னு சொல்லி முடிச்சா நிஜத் தேதியா மாறிடும்.

பாதி இடது பக்கம், பாதி வலது பக்கம் நிக்குதுன்னா உஷார். வேற எங்கிருந்தோ வந்த ஃபைல்ல நாள் முதல்ல இருக்கும், உங்க கம்ப்யூட்டர் செட்டிங் மாசம் முதல்லன்னு இருக்கும். 05/03/2024ன்னு இருந்தா நீங்க மார்ச் 5ன்னு படிப்பீங்க, அது மே 3ன்னு எடுத்துக்கும். 12ஆம் தேதி வரைக்கும் இப்படி சத்தமில்லாம நாளும் மாசமும் இடம் மாறிடும், 13ல இருந்து மாசம் 13ன்னு ஒண்ணு கிடையாதுங்கிறதால எழுத்தாவே விட்டுடும். அதனால எழுத்தா நிக்கிறதை மட்டும் மாத்திட்டு வேலை முடிஞ்சதுன்னு போகாதீங்க, வலது பக்கம் ஒழுங்கா நிக்கிற அந்த 1ல இருந்து 12 வரைக்குமான தேதிங்கதான் உண்மையில கெட்டுப்போனது. இதுக்கு நல்ல வழி, மூல ஃபைலுக்கே திரும்பிப் போய் இம்போர்ட் பண்ணும்போதே தேதி வரிசையைச் சரியா சொல்லி திரும்ப எடுக்கிறது. கூகுள் ஷீட்ஸ்ல ஃபைல், செட்டிங்ஸ்ல லொகேல் மாத்திட்டு திரும்ப ஒட்டுங்க. இனிமே எழுதும்போது 2024-03-05ன்னு வருஷம், மாசம், நாள் வரிசையில எழுதினா இந்த வம்பே வராது.

ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர், பிப்ரவரின்னு மாசம் வருதுன்னா ஆங்கிலத்துல எழுதின மாசப் பேரை அகர வரிசையில அடுக்கியிருக்கு. மாசப் பேரை எழுத்தா வச்சுக்காம அந்தந்த மாசம் 1ஆம் தேதியை நிஜத் தேதியா போட்டுட்டு, ஃபார்மேட்ல மாசம் மட்டும் தெரியிற மாதிரி வச்சுக்குங்க.

இடது பக்கம் பெரிய வெற்றிடம், மொத்த டேட்டாவும் வலது ஓரத்துல நெரிசலா இருக்குன்னா எங்கயோ ஒரே ஒரு தேதி தப்பா இருக்கு. தேதி வாரியா வரிசைப்படுத்தி முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் மட்டும் பாருங்க, அகப்பட்டுடும். வருஷத்தை ரெண்டு இலக்கத்துல டைப் பண்ணா அது 2000ங்கள்ல சேருமா 1900ங்கள்ல சேருமாங்கிறது கம்ப்யூட்டர் செட்டிங்கைப் பொறுத்தது, பல கம்ப்யூட்டர்ல 00ல இருந்து 29 வரைக்கும் 2000ங்கள்லயும், 30ல இருந்து 99 வரைக்கும் 1900ங்கள்லயும் சேர்த்துடும். அங்க 2031க்கு திட்டம் போட்டு 31னு அடிச்சா 1931க்கு போயிடும். நாலு இலக்கமா எழுதுங்க.

1900க்கு முந்தின தேதியை எக்செல் தேதியாவே எடுத்துக்காது. பழைய சரித்திர டேட்டா வச்சிருக்கவங்க வருஷத்தை வெறும் நம்பரா போட்டு, கோடு சேர்த்த ஸ்கேட்டர் சார்ட் பயன்படுத்துங்க.

## கோடு நடுநடுவுல செங்குத்தா மேலயும் கீழயும் போகுது

ஒரே நேரத்துக்கு பல அளவு இருக்குன்னு சாஃப்ட்வேர் நினைச்சுக்கிட்டு இருக்கு. ஏன் அப்படி நினைக்குதுன்னு தேடணும்.

முதல்ல ஃபார்மேட் ஆக்சிஸ்ல பேஸ் யூனிட்ங்கிறதைப் பாருங்க. அது மந்த்ஸ்னு இருந்தா ஒரு மாசத்துல எடுத்த எல்லா ரீடிங்கும் ஒரே இடத்துல மேல மேல ஏறி நிக்கும். டேஸ்னு மாத்துங்க.

மணிக்கணக்குல எடுத்த டேட்டாவா இருந்தா இந்த மாத்தம் உதவாது, ஏன்னா எக்செல் டேட் ஆக்சிஸுக்கு நாளுக்குக் கீழ அளவே கிடையாது. காலையில 8 மணி, மதியம் 2 மணி, ராத்திரி 9 மணின்னு எடுத்தது மூணும் ஒரே செங்குத்துக் கோட்டுல வந்து நிக்கும். லைன் சார்ட்டை விட்டுட்டு ஸ்கேட்டர் வித் ஸ்ட்ரெயிட் லைன்ஸுக்கு மாறிடுங்க, மணி நிமிஷம் எல்லாம் அது பார்த்துக்கும்.

அதுவும் இல்லைன்னா ஒரே தேதி ரெண்டு தடவை பதிவாயிருக்கா பாருங்க. கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ல டூப்ளிகேட் வேல்யூஸ் போட்டா கலர்ல காட்டிடும். ரெண்டுல எது சரின்னு தெரியாம ஒண்ணை அழிக்காதீங்க, ரெண்டும் நிஜ ரீடிங்கா இருந்தா சராசரி எடுக்கலாம், ஒண்ணு டைப்பிங் தப்பா இருந்தா நோட்டைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

கடைசி சந்தேகம், ரெண்டு பொருளோட டேட்டா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஒரே நெடுவரிசையில இருக்கும். ரெண்டு மிஷின், ரெண்டு கிளாஸ், ரெண்டு ஆளுன்னு. பிவட் டேபிள் (இன்சர்ட் மெனுவுல இருக்கிற, டேட்டாவைப் பிரிச்சு அடுக்கித் தர்ற அட்டவணை) போட்டு வரிசையில தேதி, நெடுவரிசையில பொருள்னு பிரிச்சுட்டு அதுக்கப்புறம் கிராஃப் போடுங்க.

## கோடு திடீர்னு சைபர்ல விழுந்து மறுபடி எழுந்திருக்குது

அன்னைக்கு அளவு நிஜமாவே சைபரா, இல்ல அன்னைக்கு அளக்கவே இல்லையா? இந்தக் கேள்விக்கு பதில் தெரியாம எந்த பட்டனையும் அமுக்காதீங்க. அளக்காத நாளை சைபர்னு காட்டுறது பார்க்கிறவங்ககிட்ட நடக்காத ஒண்ணை நடந்ததா சொல்றது.

கட்டம் காலியா இருந்தா செலக்ட் டேட்டாவுல ஹிட்டன் அண்ட் எம்ப்டி செல்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும். கேப்ஸ், ஜீரோ, கனெக்ட்னு மூணு வழி குடுக்கும். நான் எப்பவும் கேப்ஸ்தான் சொல்வேன், விட்டுப்போன இடம் விட்டுப்போன இடமாவே தெரியட்டும். தினமும் எடுக்கிற டேட்டாவுல ஒரு நாள் ரெண்டு நாள் போச்சுன்னா கனெக்ட் குடுக்கிறதுல தப்பில்ல. ஒரு மாசமே இல்லாம இருக்கும்போது நேர்க்கோடு போட்டு இணைச்சா அந்த மாசம் முழுக்க நிதானமா ஏறுச்சுன்னு ஒரு கதை அங்க வந்துடும், அதை யாரும் அளக்கல.

காலியாதான் இருக்கு ஆனாலும் சைபர்ல விழுதுன்னா அந்த கட்டத்துல கிளிக் பண்ணி மேல ஃபார்முலா பாரைப் பாருங்க. இருந்தா காட்டு, இல்லைன்னா காலியா விடுன்னு ஒரு இஃப் ஃபார்முலா இருக்கும். கண்ணுக்கு காலி, எக்செலுக்கு அது எழுத்து, எழுத்தை சைபர்ல வரையும். அந்த ஃபார்முலாவுல இருக்கிற காலி மேற்கோள் குறிக்கு ("") பதிலா என்ஏ ஃபார்முலா, அதாவது NA()ன்னு போடுங்க. கோடு சைபருக்கு விழாது. அந்த இடம் இடைவெளியா வருமா, இணைஞ்சு வருமாங்கிறது வெர்ஷனைப் பொறுத்தது, புது வெர்ஷன்ல அதுக்குன்னு அதே ஹிட்டன் அண்ட் எம்ப்டி செல்ஸ்ல ஒரு டிக் இருக்கு.

சிலர் ரீடிங் இல்லாத நாளுக்கு ஒரு சின்ன கோடு போட்டு வைப்பாங்க, லீவுன்னு எழுதி வைப்பாங்க. அதுவும் எழுத்துதான், அதுவும் சைபர்தான். அழிச்சு காலியாக்குங்க, காரணத்தைப் பக்கத்து கட்டத்துல எழுதிக்கலாம்.

மொத்த கோடும் சைபர்லயே படுத்திருக்குன்னா எல்லா அளவும் எழுத்தா இருக்கு. 25 கிலோ, 30 கிலோன்னு யூனிட்டையும் சேர்த்து டைப் பண்ணியிருப்பீங்க, இல்ல இன்டர்நெட்ல இருந்து காப்பி பண்ணும்போது கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ் ஒண்ணு கூடவே வந்திருக்கும். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்ல கிலோங்கிறதை எடுத்துடுங்க, யூனிட் தலைப்புல இருந்தா போதும். தெரியாத ஸ்பேஸை எடுக்க ஒரு கட்டத்துக்குள்ள போய் அந்த ஸ்பேஸையே காப்பி பண்ணி ஃபைண்ட்ல ஒட்டி, ரீப்ளேஸை காலியா விட்டு ரீப்ளேஸ் ஆல் குடுங்க.

## கடைசிப் புள்ளி மட்டும் தலைகுப்புற விழுது

மாசம் இன்னும் முடியல. அவ்வளவுதான் காரணம், பத்துக்கு ஒன்பது தடவை. 10ஆம் தேதி வரைக்கும் வந்த கூட்டுத்தொகையை முழு மாசத்தோட பக்கத்துல வச்சா விழாம என்ன பண்ணும். மீட்டிங்ல இதைப் பார்த்துட்டு என்னாச்சுன்னு பதறுறவங்க நிறைய பேர். முடியாத மாசத்தை எடுத்துடுங்க, இல்ல அந்தக் கடைசித் துண்டை மட்டும் புள்ளிக்கோடா மாத்தி இதுவரைன்னு பக்கத்துல எழுதுங்க. முதல் புள்ளிக்கும் இதே சோதனை பண்ணுங்க, மாசம் பாதியில ரீடிங் எடுக்க ஆரம்பிச்சிருந்தா அதுவும் தாழ்வா நிக்கும்.

மாசம் முடிஞ்சும் விழுதுன்னா தாமதமா வந்து சேர்ற கணக்கு ஏதாவது இருக்கான்னு டேட்டா குடுக்கிறவங்ககிட்ட கேளுங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதே மாசத்தோட நம்பர் கூடியிருந்தா அதுதான்.

## ஒவ்வொரு பிப்ரவரியும் பள்ளம்

28ஐ 31ஆல வகுத்தா 0.90. ஒண்ணுமே மாறலைன்னாலும் மாசக் கூட்டுத்தொகை பிப்ரவரியில கிட்டத்தட்ட 10 சதவீதம் குறையும். கூட்டுத்தொகையை அந்த மாசத்து நாளால வகுத்து ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு வரைங்க, பள்ளம் மறைஞ்சுடும். அப்பவும் இருந்தா அது நிஜப் பள்ளம்.

வாரத்துக்கு ஒரு தடவை பல்லு பல்லா வருதுன்னா வார நாளுக்கும் லீவு நாளுக்கும் உள்ள வித்தியாசம். 7 நாள் சராசரி போடுங்க, 5 நாளோ 10 நாளோ போட்டா அந்தப் பல்லு முழுசா போகாது, 7தான் வேணும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, முந்தின 7 நாளை வச்சு சராசரி எடுத்தா உச்சம் நிஜமா வந்ததுக்கு 3 நாள் தள்ளித்தான் படத்துல தெரியும். எந்த நாள் திரும்புச்சுங்கிறதுதான் கேள்வின்னா, அந்த நாளுக்கு முன்னாடி 3, பின்னாடி 3 நாள் எடுத்து நடுவுல வைங்க.

## மாத்தமே இல்லாத மாதிரி தட்டையா இருக்கு, இல்ல சின்ன மாத்தம் மலையா தெரியுது

ரெண்டும் ஒரே கோளாறோட ரெண்டு பக்கம். நிமிர்ந்து நிக்கிற ஆக்சிஸ் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பாருங்க.

லைன் கிராஃப் சைபர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு பல பேர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. பார் சார்ட்டுக்கு அது கட்டாயம், ஏன்னா அங்க கட்டையோட நீளத்தைத்தான் கண்ணு அளக்குது. கோட்டுல கண்ணு அளக்கிறது ஏத்த இறக்கத்தை, அதனால இங்க கட்டாயமில்ல. ஹவாய்ல மௌனா லோவா மலையில சார்லஸ் கீலிங் 1958ல ஆரம்பிச்ச கார்பன் டை ஆக்சைடு அளவீட்டை எடுத்துக்குங்க. அப்போ 315 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்குங்கிற அளவு) பக்கம் இருந்தது இப்போ 420ஐத் தாண்டிடுச்சு. அந்தக் கோட்டுல வருஷா வருஷம் மே மாசம் பக்கம் ஏறி அப்புறம் இறங்குற ஒரு அலை இருக்கு, செடி கொடிங்க மூச்சு வாங்குற கணக்கு அது, மொத்தமே 6 பிபிஎம் சுமார்தான். 0ல இருந்து 450 வரைக்கும் ஆக்சிஸ் வச்சா அந்த அலை கோட்டோட தடிமன்லயே ஒளிஞ்சுக்கும். 310ல இருந்து வச்சாதான் ஏத்தமும் தெரியும், அலையும் தெரியும்.

ஆனா அதுக்காக சாஃப்ட்வேர் தானா வெட்டிக் குடுக்கிற ஆக்சிஸை அப்படியே நம்பிடாதீங்க. 98.2ல இருந்து 98.6க்குப் போனதை முழுப் பக்கத்துக்கு நீட்டிக் காட்டினா பார்க்கிறவங்க பயந்துடுவாங்க. நான் பார்க்கிற முறை இது: அந்த அளவு சாதாரணமா எவ்வளவு ஆடும்? அந்த ஆட்டம் படத்தோட உயரத்துல ஒரு சின்னப் பங்கா தெரியிற மாதிரி ஆக்சிஸ் வைங்க, அப்போ அதைத் தாண்டி வர்ற மாத்தம் தானா கண்ணுல படும். சைபர்ல இருந்து ஆரம்பிக்கலைன்னா அதைப் படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதிடுங்க.

ஆக்சிஸ் சரியா இருந்தும் தட்டைன்னா வேற மூணு காரணம் இருக்கலாம்.

ஒரே ஒரு புள்ளி மட்டும் எங்கயோ உயரத்துல நிக்கும், மத்ததெல்லாம் அடியில. 125க்கு பதிலா 1250ன்னு அடிச்சிருக்கலாம். மூல நோட்டோட ஒப்பிட்டு தப்புன்னா திருத்துங்க, நிஜம்னா அழிக்காதீங்க, அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. ஒத்து வரலைங்கிற ஒரே காரணத்துக்காக ஒரு அளவைத் தூக்கிப் போடக் கூடாது.

ரெண்டு கோடு வச்சிருப்பீங்க, ஒண்ணு 50 பக்கம், இன்னொண்ணு 50,000 பக்கம். உடனே செகண்டரி ஆக்சிஸ் (ரெண்டாவது கோட்டுக்குன்னு வலது பக்கம் தனி அளவு) போடத் தோணும். அதைக் கடைசி வழியா வச்சுக்குங்க, ஏன்னா ரெண்டு ஆக்சிஸையும் இழுத்துச் சுருக்கி ரெண்டு கோட்டையும் எங்க வேணா சந்திக்க வைக்கலாம், அந்த சந்திப்புக்கு அர்த்தமே கிடையாது, ஆனா பார்க்கிறவங்க கண்ணு அங்கதான் போகும். ரெண்டையும் முதல் மாசத்தை 100னு வச்சு மாத்திக்குங்க, ஒவ்வொரு அளவையும் முதல் அளவால வகுத்து 100ஆல பெருக்கினா போதும், எது எவ்வளவு சதவீதம் நகர்ந்துச்சுன்னு நேரா தெரியும். இல்லைன்னா ரெண்டு தனிப்படமா மேலயும் கீழயும் வைங்க.

டேட்டா மடங்கு மடங்கா பெருகுற ஜாதியா இருந்தா, அதாவது 10, 100, 1000ன்னு, ஃபார்மேட் ஆக்சிஸ்ல லாகரிதமிக் ஸ்கேல் (சம தூரத்துக்கு சம மடங்கு காட்டுற அளவு) டிக் பண்ணுங்க. அதுல சைபரும் மைனஸும் காட்ட முடியாது. பார்க்கிறவங்களுக்கு லாக் ஸ்கேல் பழக்கம் இல்லைன்னா ஆக்சிஸ்ல இருக்கிற ஒவ்வொரு குறுக்குக் கோடும் முந்தினதைப் போல பத்து மடங்குன்னு ஒரு வார்த்தை எழுதாம விடாதீங்க.

## சும்மா இருந்தது திடீர்னு வேகம் எடுத்த மாதிரி தெரியுது

ரீடிங் எடுத்த நாளுங்களுக்கு நடுவுல இடைவெளி சமமா இருக்கான்னு பாருங்க. ஒரு செடியோட உயரம் எழுதி வச்சிருக்கீங்க, 1ஆம் தேதி 10 சென்டிமீட்டர், 3ஆம் தேதி 12, 5ஆம் தேதி 14, அப்புறம் மறந்துட்டு 15ஆம் தேதி 24. கணக்குப் போட்டா எல்லா நாளும் ஒரு சென்டிமீட்டர்தான், ஒரே சீரான வளர்ச்சி. ஆனா நாலு புள்ளியையும் சம தூரத்துல வச்சு வரைஞ்சா கடைசித் துண்டு மட்டும் செங்குத்தா எகிறும், செடி திடீர்னு வெறி பிடிச்சு வளர்ந்த மாதிரி.

எக்செல்ல இது டெக்ஸ்ட் ஆக்சிஸ் வேலை. ஃபார்மேட் ஆக்சிஸ்ல டேட் ஆக்சிஸ்னு மாத்துங்க, 5க்கும் 15க்கும் நடுவுல நிஜ இடைவெளி விழும், நாலு புள்ளியும் ஒரே நேர்க்கோட்டுல வந்து உக்காரும். மாத்தியும் அப்படியே இருந்தா தேதி எழுத்தா இருக்கு, மேல சொன்ன ஐஎஸ்நம்பர் சோதனைக்குப் போங்க. கையால வரையிறவங்க ஒரு கட்டத்துக்கு இத்தனை நாள்னு முதல்லயே முடிவு பண்ணி, ரீடிங் இல்லாத நாளுக்கும் கட்டம் விட்டுடணும்.

## ரெண்டாவது கோடு அதோட உண்மையான அளவை விட மேல நிக்குது

சார்ட் டைப் ஸ்டாக்டு லைன்னு ஆயிருக்கு. பார்க்க சாதாரண லைன் மாதிரியேதான் இருக்கும், ஆனா முதல் கோட்டு மேல ரெண்டாவதைக் கூட்டி வரையும். சேஞ்ச் சார்ட் டைப்ல போய் வெறும் லைன்னு மாத்துங்க. எந்தப் படமா இருந்தாலும் ஒரு புள்ளி மேல மவுஸை வச்சு ஷீட்ல இருக்கிற அளவும் ஆக்சிஸ்ல நிக்கிற உயரமும் ஒத்துப்போகுதான்னு பார்க்கிற பழக்கம் இருந்தா இது உடனே மாட்டிக்கும்.

## புதுசா சேர்த்த மாசம் வரல, இல்ல இருந்த மாசம் காணோம்

வரலைன்னா படம் பழைய எல்லையோட நின்னுடுச்சு. டேட்டாவை செலக்ட் பண்ணி இன்சர்ட்ல டேபிள் ஆக்கிட்டா அடியில வரிசை சேர்க்கச் சேர்க்க படமும் நீளும். காணாம போனா ஃபில்டர் ஏதாவது ஓடுதா, வரிசை ஹைட் ஆயிருக்கா பாருங்க, மறைச்ச வரிசையை எக்செல் படத்துல காட்டாது. மறைச்சே இருக்கணும் ஆனா படத்துல வரணும்னா அதே ஹிட்டன் அண்ட் எம்ப்டி செல்ஸ்ல ஷோ டேட்டா இன் ஹிட்டன் ரோஸ்னு டிக் இருக்கு.

## கோடு ஏறிக்கிட்டே போகுது, இறங்கவே மாட்டேங்குது

நீங்க வரைஞ்சது கூட்டிக்கிட்டே வர்ற கணக்கு. மீட்டர் ரீடிங் அப்படித்தான், ஆரம்பத்துல இருந்து மொத்தம் எவ்வளவுன்னு காட்டும், அது எப்படி இறங்கும். இந்த மாச ரீடிங்ல போன மாச ரீடிங்கைக் கழிச்சு ஒரு புது நெடுவரிசை போட்டு அதை வரைங்க. கழிச்சதுல எங்கயாவது மைனஸ் வந்தா மீட்டர் மாத்தியிருக்காங்க, இல்ல திரும்ப சைபர்ல இருந்து ஓடியிருக்கு, அந்த ஒரு மாசத்தைக் கையால கணக்குப் பார்க்கணும்.

## அளக்காத இடத்துல வளைவு வருது

ஸ்மூத்டு லைன்ங்கிற டிக்கை எடுத்துடுங்க. அது அழகுக்காக வளைக்கும்போது நிஜ உச்சத்துக்கு மேலயும் போகும், சைபருக்குக் கீழயும் போகும்.

## நூல்கண்டு சிக்கிக்கிட்ட மாதிரி ஏகப்பட்ட கோடு

கலர் மாத்திப் பார்த்து நேரத்தை விடாதீங்க. எந்தக் கோட்டைப் பத்திப் பேசப் போறீங்களோ அதை மட்டும் அழுத்தமா வச்சு மத்ததையெல்லாம் வெளிர் சாம்பல் ஆக்குங்க. எந்த கலர் எதுன்னு சொல்ற லெஜண்ட் பெட்டி பக்கத்துல வேண்டாம், கோட்டோட வலது முனையிலேயே பேரை எழுதுங்க, கண்ணு அங்கயும் இங்கயும் ஓட வேண்டாம். எல்லாக் கோடும் முக்கியம்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்னப் படம், எல்லாத்துக்கும் ஒரே ஆக்சிஸ் அளவு, வரிசையா அடுக்கிடுங்க. சிவப்பையும் பச்சையையும் ஜோடியா போடாதீங்க, அது ரெண்டும் பிரிச்சுத் தெரியாதவங்க, முக்கியமா ஆண்கள்ல, நிறைய இருக்காங்க.

## படம் சரியாதான் இருக்கு, ஆனா எதுவும் சொல்ல மாட்டேங்குது

கீழ இருக்கிறது நேரம்தானா? ஊர் பேரு, கட்சி பேரு, பாடம் பேருன்னு இருந்தா ரெண்டு புள்ளிக்கு நடுவுல கோடு போடுறதே தப்பு, தமிழுக்கும் கணக்குக்கும் நடுவுல பாதி வழின்னு ஒண்ணு கிடையாது. பார் சார்ட் போடுங்க.

நேரமாவே இருந்து, வருஷா வருஷம் அதே அலைதான் வருதுன்னா எல்லா வருஷத்தையும் ஒரே நீளக் கோடா போடாம, ஜனவரியில இருந்து டிசம்பர் வரைக்கும் ஒரே ஆக்சிஸ் வச்சு வருஷத்துக்கு ஒரு கோடா ஒண்ணு மேல ஒண்ணு போடுங்க. இந்த வருஷம் எங்க விலகுதுன்னு அப்பதான் தெரியும்.

## கிராஃப் பேப்பர்ல கையால வரையும்போது

புள்ளி வைக்க இடம் பத்தலைன்னா ஸ்கேலை முதல்ல போடாம வரைய ஆரம்பிச்சதுதான் காரணம். பெரிய அளவுல இருந்து சின்ன அளவைக் கழிச்சு, கையில இருக்கிற கட்டத்தால வகுத்து, வர்ற விடையை அடுத்து வர்ற 1, 2, 5, 10, 20, 50க்கு உயர்த்திக்குங்க. ஒரு கட்டத்துக்கு 3, 7ன்னு வச்சா நடுவுல புள்ளி வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் தடுமாறணும். நேரம் படுக்கை ஆக்சிஸ்ல, அளவு நிமிர்ந்த ஆக்சிஸ்ல. அளவு 40ல ஆரம்பிக்குதுன்னா அடியில ஒரு சின்ன வெட்டுக்குறி போட்டுக் காட்டணும். புள்ளியெல்லாம் வச்சு முடிச்சுட்டு ஒரு தடவை டேபிளோட சரி பார்த்துட்டு அப்புறம் ஸ்கேல் வச்சு இணைங்க.

## எப்போ விஷயம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடணும்

மேல சொன்னது எல்லாம் உங்க கையாலயே ஆகுற வேலை. கீழ இருக்கிறது ஆகாது, இதுல ஒண்ணு வந்தா டேட்டா அனலிஸ்ட்டையோ புள்ளியியல் படிச்ச ஒருத்தரையோ பிடிங்க.

நடுவுல ஒரு நாள்ல கோடு படியேறின மாதிரி குதிச்சு, அதுக்கப்புறம் அந்த உயரத்துலயே இருக்கு, விசாரிச்சா அன்னைக்கு கருவி மாத்தியிருக்காங்க, இல்ல எதைக் கணக்குல சேர்க்கிறதுங்கிற விதியை மாத்தியிருக்காங்க. முன்னாடி பாதியையும் பின்னாடி பாதியையும் நீங்களா கூட்டிக் கழிச்சு ஒட்ட வைக்காதீங்க. அவங்க வர்ற வரைக்கும் அந்த இடத்துல கோட்டை வெட்டி, மேலருந்து கீழ ஒரு குறி போட்டு காரணத்தை எழுதி வைங்க.

ரெண்டு மூணு நேர மண்டலத்துல இருந்து மணிக்கணக்கு டேட்டா வருது, எது எந்த ஊர் நேரம்னு யாரும் எழுதி வைக்கல. இதுல ஊகம் வேலைக்கு ஆகாது.

சீசன் அலையை எடுத்துட்டு அடியில இருக்கிற போக்கை மட்டும் காட்டச் சொல்றாங்க, இல்ல அடுத்த வருஷம் எங்க போகும்னு கோட்டை நீட்டச் சொல்றாங்க. ட்ரெண்ட்லைன்னு ஒரு பட்டன் இருக்குங்கிறதுக்காக அமுக்கிடாதீங்க, அந்தக் கோட்டைச் சுத்தி எவ்வளவு நிச்சயமில்லாமை இருக்குன்னு அது உங்களுக்குச் சொல்லாது.

அந்தப் படத்தை வச்சு யாரோட மருந்து மாறப் போகுது, வேலை போகப் போகுது, கேஸ் நடக்கப் போகுதுன்னா, படம் சரியா இருக்குன்னு உங்களுக்குத் தோணினாலும் இன்னொரு ஆள் பார்த்தே ஆகணும்.

கூப்பிடும்போது படத்தோட ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பாதீங்க, அதை வச்சு அவங்களால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. கை வைக்காத மூல ஃபைல், நீங்க என்னென்ன மாத்தினீங்கன்னு ஒரு பட்டியல், ஒவ்வொரு நெடுவரிசையும் எதை எந்த யூனிட்ல அளக்குதுன்னு ஒரு வரி, ரீடிங் எடுத்த ஆளோட நம்பர், இந்த நாலும் சேர்த்து அனுப்புங்க.